அஷ்டமுடிக் கரையில் ஆனி மாதக் கடைசி

ஜூலை 11, 2025, வெள்ளி: தென்காசி – கொல்லம்

அஷ்டமுடிக் காயல் கரையில் இருக்கிற கொல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரர் முன்பு புனலூரில் வேலை பார்த்தபோது பழக்கமான நண்பரின் மகளுக்கு. காலையில் போய் ராத்திரி திரும்பிவிடக்கூடிய தூரம்தான். ஆனால் அத்தை, "போறதே போறோம், காயல் தெரியுற மாதிரி ஒரு ஓட்டல்ல ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வருவோமே" என்றார். அத்தை எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அன்றே அறை போட்டாயிற்று.

செங்கோட்டையில் சாரல். ரயில் மலை ஏறுவதற்காகப் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டினார்கள். 1904-ல் மீட்டர் கேஜாக வந்த தடம் இது. 2010-ல் நிறுத்திவிட்டு, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். இடையில் எட்டு வருடம் இந்தப் பக்கத்து ஜனங்கள் பஸ்ஸில் வளைந்து வளைந்து போனதை அத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அவர் பிறந்தது செங்கோட்டையில். "1956 நவம்பர் ஒண்ணு வரைக்கும் நாங்க மலையாளத்தோட சேர்ந்தவங்க. அப்புறம்தான் உங்க பக்கம் தள்ளிவிட்டாங்க" என்று எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் எல்லோரும் செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்ட, அத்தை மட்டும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கொல்லம் ஸ்டேஷனில் ஒரு பிளாட்பாரம் 1,180 மீட்டர் நீளம். நாட்டிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. எங்கள் ரயில் வேறு பிளாட்பாரத்தில் நின்றது அத்தையின் முழங்கால் செய்த புண்ணியம். ஆட்டோக்காரர் கேட்காமலே மீட்டர் போட்டார். 30 ரூபாயில் தொடங்கி 48-ல் நின்றது. ஐம்பதைக் கொடுத்தேன், இரண்டு ரூபாயைத் தேடி எடுத்துக் கையில் வைத்தார். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஓட்டலுக்குள் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வரவேற்பறை முழுக்கப் பட்டுச்சேலை, மல்லிகை, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக லட்டு. காயலைப் பார்த்த அறை என்று காசு கட்டிப் பதிவு செய்த சீட்டு இவர் கையில் இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். காயல் பக்கத்து அறைகள் மொத்தமும் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கையில். எங்களுக்கு ஊரைப் பார்த்த அறை. நாளைக் காலை மாற்றித் தருகிறார்களாம்.

காரணத்தை அப்புறம் லிஃப்டில் ஒரு பெரியவர் விளக்கினார். வருகிற 17-ம் தேதி கர்க்கடகம் பிறக்கிறது. நமக்கு ஆடி போல அவர்களுக்கும் அந்த மாதத்தில் நல்ல காரியம் கிடையாது. அதனால் மிதுன மாதத்தின் கடைசி சனி, ஞாயிறில் கொல்லத்துக் கல்யாணம் பாதி நடந்து முடிந்துவிடும்போலிருக்கிறது. நாங்கள் வந்ததும் அப்படி ஒரு கல்யாணத்துக்குத்தானே, யாரைக் குறை சொல்வது? ஆனாலும் சொன்னோம். இரண்டு அறைக்கும் வாடகை வித்தியாசம் 1,200 ரூபாய். இன்றைய ராத்திரிக்கு அதைக் குறைக்க வேண்டும், நாளைக்கு அறை மாறும் நேரத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்ப வேண்டும் என்று இவர் சத்தம் போடாமல் நின்றார். மேனேஜர் அரை மணி நேரம் கழித்து இரண்டுக்கும் சம்மதித்தார். வாயால் சொன்னதோடு விட்டிருந்தால் மறுநாள் ஷிஃப்டில் இருந்தவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அது அப்படித்தான் ஆயிற்று என்பதைச் சனிக்கிழமைக் குறிப்பில் எழுதுகிறேன்.

அறை ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் கொட்டகை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டாம்னு சொல்லுவாங்க. இந்த வாடகைக்கு ஒரு இல்லமே கட்டிருக்கலாம்" என்றார்.

ராத்திரி சின்னக்கடைப் பக்கம் நடந்து போய்ச் சாப்பிட்டோம். மீன் விலையைப் பார்த்து இவர் அட்டையை மூடிவிட்டார். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுவள்ளங்கள் கொண்டுவருவது மட்டும்தான் சந்தைக்கு. போதாததற்கு மே 25-ல் கடலில் மூழ்கிய எல்சா 3 கப்பலின் கன்டெய்னர்கள் இந்தக் கரையில் வந்து ஒதுங்கியதிலிருந்து கடல்மீனைத் தொடவே பயந்தவர்கள் உண்டு என்று பரிமாறியவர் சொன்னார். பயம் போய்விட்டது, விலை மட்டும் இறங்கவில்லையாம். தேங்காய் எண்ணெய் வேறு லிட்டர் நானூறைத் தாண்டிவிட்டது. அவரே, "கக்கா இறைச்சி எடுக்கட்டே?" என்றார். அஷ்டமுடிக் காயலில் எடுக்கிற மட்டி. தேங்காய்ச் சில்லும் மிளகும் போட்டுத் தோரனாக வந்தது. கூட அவித்த கப்பை (மரவள்ளிக் கிழங்கு), தொட்டுக்கொள்ளச் சிவந்த மீன்சாறு. மூன்று பேருக்கும் சேர்த்து 410 ரூபாய். வெளிநாட்டுக்கும் போகிற சரக்கு இது. மீன்வளம் குறையாமல் பிடிப்பதற்குத் தருகிற எம்எஸ்சி என்ற சர்வதேசச் சான்று 2014-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கிடைத்த மீன்பிடிப்பு இந்த மட்டிதான். அத்தைக்கு மட்டி ஒத்துக்கொள்ளுமோ என்று யோசித்தேன். இரண்டாம் தட்டு அவர்தான் கேட்டார்.

ஜூலை 12, சனி: காயலும் கொசுவும்

எதிர்பார்த்ததுபோல் காலை ஷிஃப்டில் இருந்தவருக்கு அறை மாற்றம் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பைக் காட்டினோம். பதினொன்றரைக்கு நான்காம் மாடியில் அறை கிடைத்தது.

கதவைத் திறந்ததும் எதிரே முழுக்கத் தண்ணீர். மழை காயலின் அந்தக் கரையிலிருந்து கிளம்பி, வெள்ளைத் திரையாக நகர்ந்து வந்து, எங்கள் கண்ணாடியில் அடித்துவிட்டு, ஊருக்குள் போனது. கால் மணியில் வெயில். அப்புறம் அடுத்த திரை. கல்லடையாறு கொண்டுவந்த செம்மண் கலங்கலில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்து கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. எட்டுக் கிளையாகப் பிரிந்து கிடப்பதால்தான் இதற்கு இந்தப் பெயர். நீண்டகரையில் கடலைத் தொடுகிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002-ல் சேர்த்த இடம்.

அத்தை நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குக்கூட இறங்கி வரவில்லை.

இப்படி ஓட்டலில் தங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். "காயல் காட்சி" என்று போட்டிருந்தால் எந்த மாடி என்று கேளுங்கள். முதல் இரண்டு மாடிக்கும் தென்னந்தலைதான் தெரியும். காயல் ஓலைக்கு இடையில் பளபளக்கும், அவ்வளவே. பால்கனிக் கதவை மாலை ஐந்தரைக்குள் சாத்திவிட வேண்டும். ஆறு மணிக்குக் கொசு படையாக வருகிறது, கொசுவலைக் கதவு எல்லா ஓட்டலிலும் இருப்பதில்லை. கொசு மருந்து மெஷின் கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. மழைக்காலத்தில் துணி காயாது. நேற்று அலசிப் போட்ட என் துப்பட்டா இன்றைக்கும் அப்படியே ஈரமாக இருந்தது. இஸ்திரிப்பெட்டி ஓசியில் தருவார்கள், அதை வாங்கித் தேய்த்துத்தான் உடுத்தினேன். குளியலறைக் குழாய்த் தண்ணீரில் லேசான உப்பு, தலை சிக்குப் பிடிக்கும்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் அசாமிலிருந்து வந்தவன். இந்தியில் ஆரம்பித்த என்னிடம் மலையாளத்தில் பதில் சொன்னான். அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன் செங்கோட்டை மலையாளத்தை எடுத்துவிட, அவன் அசாம் வாடை அடிக்கும் மலையாளத்தில் பதில் சொல்ல, இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். அவன் ஊரில் பிரம்மபுத்திரா வெள்ளம் வீட்டுத் திண்ணை வரை வருமாம். "அம்மே, இது வெறும் வெள்ளம். ஞங்ஙளுடெ நதி வேறே" என்று காயலைக் காட்டிச் சொன்னான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். போகும்போது இன்னொரு போர்வையும் கொசு மெஷினும் அவனே கொண்டுவந்து வைத்தான்.

ஓட்டலின் சொந்தப் படகில் ஒரு மணி நேரம் சுற்ற 1,800 ரூபாய் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டு நானும் இவரும் படகுத்துறைக்கு நடந்தோம். கொல்லத்தில் கேஎஸ்ஆர்டிசி என்கிற கேரள அரசு பஸ் ஸ்டாண்டும் அரசுப் படகுத்துறையும் ஒட்டியே இருக்கின்றன. அந்தப் பக்கம் ஓட்டல் பார்த்தால் ஆட்டோச் செலவே இல்லை. சுற்றுலாவுக்கென்றே மாடி வைத்த அரசுப் படகு ஒன்று இருக்கிறது, பெயர் சீ அஷ்டமுடி. நாங்கள் ஏறியது அதில் இல்லை, சாம்பிராணிக்கொடி போகும் சாதாரணப் பயணிப் படகில். டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்தே ஐம்பதைத் தொடவில்லை.

அந்தப் படகு ஓர் ஊர். டியூஷன் முடித்த பிள்ளைகள், ரேஷன் பை, ஒரு சைக்கிள், சில்வர் சட்டியில் மீன் வைத்திருந்த அம்மா. மழை சாய்ந்து அடித்ததும் யாரும் சொல்லாமலே தார்ப்பாய்த் திரையை எல்லோரும் சேர்ந்து இறக்கினார்கள். ஓரத்தில் இருந்த என்னை நடுவே நகர்த்தி உட்காரவைத்தது அந்த மீன்கார அம்மாதான். சட்டியில் என்ன என்று கேட்டேன். நான்கே நான்கு கரிமீன், கைவிரித்த அளவு. ஓட்டல் அட்டையில் கரிமீன் பொள்ளிச்சதுக்கு நேரே விலை இல்லை, "அளவுக்கேற்ப" என்று மட்டும் போட்டிருந்ததைச் சொன்னேன். "அளவு மீனின்டெயோ, நிங்ஙளுடெயோ?" என்றார். படகே சிரித்தது.

எதிரில் இருந்த பெரியவர் வடக்கே கையைக் காட்டி, பெருமண் ரயில் பாலம் அந்தப் பக்கம் என்றார். 1988 ஜூலை 8-ல் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் இந்தக் காயலுக்குள் விழுந்து 105 பேர் போனார்கள். சுழல்காற்று என்று அறிக்கை எழுதினார்கள், அன்றைக்குக் கரையில் ஓலைகூட ஆடவில்லை என்றார் அவர். நாலு நாளுக்கு முன்புதான் அந்தத் தேதி போயிருந்தது.

திரும்பி வந்தபோது அத்தை அதே நாற்காலியில். "நீங்க ஏறுன போட்டு லேட்டா எடுத்தான். அதுக்கு முந்துனது டயத்துக்குப் போச்சு" என்றார். மத்தியானம் முழுக்க அவர் படகுகளுக்குக் கணக்கு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கும் இவருக்கும் அந்த அறையால் பெரிய பயன் இல்லை; நாங்கள் பார்த்த காயல் படகில் பார்த்ததுதான். கால் வலியால் வெளியே நடக்க முடியாத ஒருவர் கூட வந்தால் மட்டும் அந்த 1,200 ரூபாயைக் கூடக் கொடுக்கலாம். சுற்றப் போகிற ஆட்களுக்கு ஜெனரேட்டர் பக்கத்து அறை போதும், தூங்கத்தானே போகிறோம்.

தூங்க விட்டால்தானே! கீழே புல்தரையில் வரவேற்பு. ஏழு மணிக்குச் செண்டை, எட்டுக்கு டிஜே. பத்துக்கு டாண் என்று நிறுத்தினார்கள், அதைச் சொல்ல வேண்டும். தண்ணீரோரத்து ஓட்டல் என்றால் அந்தப் புல்தரைதான் அவர்களுக்கு வருமானம். பதிவு செய்யும்போதே "அன்றைக்கு ஃபங்ஷன் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஜூலை 13, ஞாயிறு: கல்யாணம், தங்கசேரி

காலை உணவு வாடகையில் சேர்த்தி. ஆனால் இரண்டு பேருக்கு மட்டும். கூடுதல் கட்டிலில் படுத்த அத்தைக்கு 350 ரூபாய் தனி என்று அங்கே போன பிறகு சொன்னார்கள். கல்யாணக் கூட்டம் புகுந்து புறப்பட்டதில் எட்டரைக்கே அப்பம் தீர்ந்து, ரொட்டியும் கார்ன்ஃப்ளேக்ஸும் மிச்சம். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தார். தெருமுனைக் கடையில் புட்டு, கடலைக் கறி, பழம், டீ. மூன்று பேருக்கு 190. ஓட்டல் சாப்பாட்டைச் சேர்க்காத வாடகை இருந்தால் அதையே எடுங்கள்.

கல்யாணம் பத்து நிமிடத்தில் முடிந்தது, நிஜமாகவே. தாலி, மாலை, மண்டபத்தைச் சுற்றி வந்தது, அவ்வளவுதான். சத்யா என்கிற இலை விருந்துக்குத்தான் போராட்டம். பந்திக் கதவு திறந்ததும் அடக்கமான சேட்டன்களும் சேச்சிகளும் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! இவர் முதல் பந்தியில் எங்களுக்கு இடம் பிடித்தது என் வாழ்நாள் ஆச்சரியம். பருப்பு, நெய், சாம்பார், அவியல், ஓலன், காளன், அப்புறம் இலையிலேயே ஊற்றிய அடப்பிரதமன் பாயசம். அதில் பப்படத்தை நொறுக்கிப் பழத்தைப் பிசைந்து சாப்பிட வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் சொல்லிக் கொடுத்தார். அத்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குடிக்கப் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட வெதுவெதுப்பான சிவந்த தண்ணீர். பெரிய அரிசிச் சோறு மட்டும் எனக்கு எப்போதும்போல் இறங்கவில்லை.

சாயங்காலம் தங்கசேரி. 1902-ல் கட்டிய கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையுமாகச் சாய்வுப் பட்டை. கீழே போர்த்துக்கீசியர் கோட்டையின் மிச்சச் சுவர். ஏறலாம் என்று போனவர்களைக் காற்று அனுமதிக்கவில்லை. என் குடை மல்லாந்து கம்பி இரண்டு முறிந்தது. ஒரு வீட்டு வராந்தாவில் ஒதுங்கினோம். அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து நாற்காலி ஒன்றை அத்தைக்கு மட்டும் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பேசவில்லை, சிரிக்கவில்லை. மழை விட்டதும் நாற்காலியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இவருக்கு நீண்டகரைப் பாலத்தைப் பார்க்க வேண்டுமாம். தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாதபடி பாலத்துக்கு அடியில் குறுக்கே சங்கிலி கட்டுவார்கள். ஆட்டோவை நிறுத்திப் பார்த்தோம். உள்பக்கம் படகுகள் நெருக்கியடித்து நிற்க, சங்கிலி தண்ணீரில் பாதி முங்கிக் கிடந்தது. ஆட்டோக்காரர் இதற்குத் தனிக் காசு கேட்கவில்லை, காத்திருந்ததற்கு மட்டும் மீட்டரில் விழுந்தது. பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் பழம்பொரி, ஒன்று 12 ரூபாய். அத்தை மூன்று.

ஜூலை 14, திங்கள்: கணக்கு

பில்லில் வெள்ளி ராத்திரிக்கும் காயல் அறை வாடகையே போட்டிருந்தார்கள். மறுபடி வாட்ஸ்அப். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சிரித்த முகமாகவே திருத்தித் தந்தார்கள். இந்த ஊரில் தப்பும் மரியாதையாகத்தான் நடக்கிறது. கூடுதல் கட்டில் ராத்திரிக்கு 1,000. வாடகை 7,500 ரூபாய்க்குள் இருந்ததால் அப்போதைய விதிப்படி 12 சதவீத வரி. அறை பார்க்கும் தளங்களில் முதலில் கண்ணில் படுகிற தொகையில் வரி சேர்ந்திருக்காது. குடித்த தண்ணீர்ப் பாட்டிலைக்கூட எண்ணியிருந்தார்கள். மேசையில் இருந்த இரண்டு ஓசி, ஃபிரிட்ஜுக்குள் இருந்தது காசு. எல்லாம் சேர்த்து மூன்று ராத்திரிக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகும் என்று மேனேஜரிடம் கேட்டேன். கர்க்கடகத்தில் பாதி அறை காலியாகக் கிடக்கும், கேட்டால் குறைத்தே தருவோம், கர்க்கடக மருந்துக் கஞ்சியும் உண்டு என்றார். மழை மட்டும் இதைவிடக் கூட இருக்கும். அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

முந்திரி வாங்காமல் கொல்லத்திலிருந்து வந்தால் ஊரில் கேட்பார்கள். முழுப்பருப்பு கிலோ ஆயிரத்தை ஒட்டி; தென்காசியில் விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாயசத்துக்கு என்றால் உடைந்த பருப்பு போதும், அரைக் கிலோ வாங்கினோம்.

ரயிலுக்கு இடம் கிடைக்காததால் கேஎஸ்ஆர்டிசி பஸ். புனலூர் வரை சுகம். தென்மலைக்கு மேல் வளைவு ஆரம்பித்ததும் பின் சீட்டில் ஒரு பையன் வாந்தி எடுத்தான், அவனைப் பார்த்து இன்னொருவன். வண்டி நடுவில் ஜன்னலோரம் உட்காருங்கள், பிளாஸ்டிக் பை கையில் இருக்கட்டும், காலையில் வயிற்றை நிறைக்காதீர்கள். ஆரியங்காவில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டீ 12 ரூபாய். எல்லை தாண்டிப் புளியரையில் இறங்கி ஒரு டீ குடித்தோம், அங்கேயும் 12.